பந்தியில் இடம்: பள்ளிக் குழுக்களும் குமரப் பருவத்தினரும்

1. முன்னுரை

நண்பகல் மணி அடித்தபின் மாணவர் யாரோடு யார் அமர்ந்து உண்கின்றனர் என்பதைக் கவனிக்கும் ஆசிரியருக்கு அந்த வகுப்பின் உள்ளமைப்பு விளங்கிவிடும். மரத்தடியில் ஐவர், படிக்கட்டில் நால்வர், சுவரோரம் அறுவர். இடையே உணவுப் பாத்திரத்துடன் எங்கே அமர்வது என்று தெரியாமல் நிற்கும் ஒருவன் அல்லது ஒருத்தி. வருகைப் பதிவேடு காட்டாத உண்மையைப் பந்தி காட்டுகிறது.

குமரப் பருவத்தினர் சிறு குழுக்களாகப் பிரிந்து பழகுவதும், குழுவின் உடை, பேச்சு, விருப்பு வெறுப்பு ஆகியவற்றுக்கு இணங்கவேண்டும் என்னும் நெருக்கடிக்கு உள்ளாவதும் புதிய செய்தி அன்று. பெற்றோர் இதனை, 'சேர்க்கை சரியில்லை' என்ற ஒரே தொடரில் சொல்லி முடித்துவிடுவர். தீய நட்பை விலக்குங்கள் என்று வாலிபர் கூட்டத்தில் அறிவுரை கூறுவதோடு போதகரும் நின்றுவிடுவது உண்டு. ஆயினும், நட்பை நாடும் உள்ளத்தை அறியாமல் கூறப்படும் அறிவுரை செவியில் ஏறுவதில்லை. குழு எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு தன் உறுப்பினரை இணங்க வைக்கிறது, நம் பள்ளிகளில் எத்தகைய வடிவம் கொள்கிறது, திருமறையின் ஒளியில் இதனை எங்ஙனம் காண்பது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குழு தோன்றும் விதம்

குழந்தைக்கு வீடே உலகம். குமரப் பருவத்திலோ, 'நான் இன்னாருடைய மகன்' என்னும் விடை போதாமற்போகிறது, 'நான் யார்?' என்னும் வினா எழுகிறது. இவ்வினாவைக் குமரப் பருவத்தின் மையச் சிக்கலாக எடுத்துக் காட்டியவர் எரிக் எரிக்சன் என்னும் உளவியலார். தன் அடையாளத்தை இன்னும் கண்டடையாதவர்கள் ஒரே வகையான உடையிலும் நடையிலும் ஒன்றுகூடி, வேறுபட்டோரைக் கடுமையாக ஒதுக்குவது, தம் உள்ளக் குழப்பத்திற்கு எதிராக அவர்கள் எழுப்பிக்கொள்ளும் அரண் என்பது 1950இல் வெளிவந்த அவருடைய நூலில் காணப்படும் கருத்து. ஒதுக்குகிறவனும் உள்ளூர அஞ்சுகிறவனே என்பதை இதனால் அறியலாம்.

ஆஸ்திரேலிய நாட்டுச் சமூகவியலாரான டெக்ஸ்டர் டன்ஃபி, சிட்னி நகர இளையோரிடையே தாம் நடத்திய ஆய்வை 1963இல் வெளியிட்டார். மூவர் முதல் ஒன்பதின்மர் வரை கொண்ட நெருக்கமான சிறுகுழுக்களையும், அவை பல சேர்ந்த பெருங்குழுக்களையும் அவர் பிரித்துக் காட்டினார். சிறுகுழுக்கள் முதலில் ஆண்கள் மட்டுமோ பெண்கள் மட்டுமோ கொண்டவையாக இருந்து, பின்னர்க் கலந்து, முடிவில் தாமே கலைந்துபோகின்றன என்பது அவர் கண்டது. எனவே, குழு என்பது வீட்டிலிருந்து உலகத்திற்குச் செல்லும் வழியில் உள்ள ஒரு தங்குமிடம் எனலாம். தங்குமிடம் வேண்டியதே, வழிப்போக்கர் அதனையே இறுதி இல்லமாகக் கொள்ளும்போதும், தமக்கு இடம் கிடைத்தபின் பிறர்க்குக் கதவை அடைக்கும்போதும்தான் கேடு விளைகிறது.

சேர்ந்து வாழும் விருப்பத்தைப் பாவமென்று கருதுவது தவறு. மனிதன் தனிமையாயிருப்பது நல்லதன்று என்பது படைப்பின் வரலாற்றிலேயே கடவுள் தந்த தீர்ப்பு (ஆதி. 2:18). தோழமைக்காக ஏங்கும் பதினான்கு வயதுப் பிள்ளை, படைத்தவர் தன்னுள் வைத்த ஒரு பசியையே உணருகிறான். அப்பசிக்கு எந்த உணவு இடப்படுகிறது என்பதே கேள்வி.

3. இணங்க வைக்கும் விசை

குழுவின் அழுத்தம் எத்துணை வலிமையுடையது என்பதை விளக்க மூன்று ஆய்வுகள் போதுமானவை.

முதலாவது, சாலமன் ஆஷ் என்பவர் அமெரிக்காவில் நடத்தி 1951 முதல் வெளியிட்டது. ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளுள் அதற்குச் சமமானது எது என்று கல்லூரி மாணவரிடம் கேட்டனர். விடை கண்ணுக்கு வெளிப்படையானது. ஆயினும் அறையிலிருந்த பிறர் யாவரும் முன்னேற்பாட்டின்படி ஒரே தவறான விடையைக் கூறினர். ஆய்வுக்கு உட்பட்டவர் அளித்த விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கண் கண்டதை மறுத்துக் கூட்டத்தோடு ஒத்துப்போயிற்று. இங்கு அச்சுறுத்தலோ தண்டனையோ இல்லை. தனித்து நிற்கும் கூச்சம் ஒன்றே இதனைச் செய்தது. இதே ஆய்வின் மறுபக்கம் நமக்கு இன்னும் முக்கியமானது. அறையில் வேறு ஒரே ஒருவர் உண்மையான விடையைக் கூறியபோது, இணங்கிப்போகும் அளவு பெரிதும் குறைந்துவிட்டது. பலரை எதிர்த்து நிற்கப் பலர் தேவைப்படவில்லை. ஒரு துணை போதுமாயிருந்தது.

இரண்டாவது, மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க் ஆகிய இருவர் 2005இல் வெளியிட்டது. ஊர்தி ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றில், தனியே இருந்தபோதும் தம் வயதினர் உடனிருந்தபோதும் எவ்வளவு ஆபத்தான முடிவுகளை எடுக்கின்றனர் என்று மூன்று வயதுப் பிரிவினரை அவர்கள் சோதித்தனர். சகாக்கள் உடனிருந்தபோது குமரப் பருவத்தினரின் துணிச்சல் மிகவும் கூடியது; முதிர்ந்தோரிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. வீட்டில் அடக்கமாயிருக்கும் பிள்ளை கூட்டாளிகளுடன் வேறொருவனாவது ஏன் என்று வியக்கும் பெற்றோர்க்கு இது ஒரு விளக்கம்.

மூன்றாவது, முசாஃபர் ஷெரீஃப் என்பவரும் அவருடைய உடன் ஆய்வாளரும் 1954இல் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு கோடைக்கால முகாமில் நடத்தியது. ஒரே நிறத்தவரும், ஒத்த குடும்பப் பின்னணியுடையவருமான 22 சிறுவர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். போட்டிகள் தொடங்கியதும் பழிச்சொற்கள் பிறந்தன, கொடிகள் எரிக்கப்பட்டன, ஒரு குழு மற்றக் குழுவின் அறைக்குள் புகுந்து சூறையாடிற்று. நடத்தியவர்களே பகையைத் தூண்டினர் என்று இவ்வாய்வு குறைகூறப்படுவதும் உண்டு. பெரியவர் எண்ணினால் பிள்ளைகளை எவ்வளவு எளிதில் பிரிக்கலாம் என்பதை அக்குறையே காட்டுகிறது. பின்னர் இரு குழுவினரையும் ஒரே கூடத்தில் உண்ண வைத்ததால் பகை தீரவில்லை. உணவை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டனர். தடைபட்ட குடிநீரைச் சீர்செய்வது, நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது போன்ற, இரு சாராரும் சேர்ந்தாலன்றி முடியாத பணிகள் கொடுக்கப்பட்ட பின்னரே பகை தணிந்தது.

4. நம் பள்ளிகளில்

மேலை நாட்டுப் பள்ளிகளில் விளையாட்டு வீரர் குழு, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் குழு என்று பிரிவுகள் அமைவதைக் கேள்விப்படுகிறோம். நம்மிடையேயும் ஆங்கிலம் பேசுவோர் பேசாதோர், பட்டணத்தார் கிராமத்தார், விடுதி மாணவர் வெளி மாணவர் என்னும் பிரிவுகள் உண்டு. ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டுப் பிறந்தநாளைக் கொண்டாடுவதும், கைப்பேசியில் அவள் ஒருத்தி இல்லாத வாட்ஸ்அப் குழுவைத் தொடங்குவதும் இக்காலத்தில் பெருகிய கொடுமைகள். உடலில் காயமில்லாததால் இவை பெரியவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எனினும் தமிழகத்திற்கு, சிறப்பாகத் தென் மாவட்டங்களுக்கு, உரிய வடிவம் ஒன்று உண்டு. அதுவே சாதிக் குழு. வேற்றுமை தோன்றாதிருக்கவே பள்ளிகளில் சீருடை வந்தது. காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளை ஒரே பந்தியில் அமர்த்தியது. சீருடை மறைத்ததை மணிக்கட்டிலே கட்டப்படும் வண்ணக் கயிறு மீண்டும் வெளிப்படுத்திவிட்டது. எந்த நிறம் எந்தச் சாதி என்பது மாணவர் அனைவர்க்கும் தெரியும். கயிறு கட்டாதவன் தன் சாதியினரிடையே கோழை என்று இகழப்படுகிறான்; கட்டியவனோ மறு சாதியினர்க்குப் பகைவனாகிறான். இத்தகைய அடையாளங்களைத் தடுக்குமாறு பள்ளிக் கல்வித்துறை 2019இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு எழவே அது தாள் அளவில் நின்றது.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற ஒரு தலித் மாணவன் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த அவன் தங்கையும் காயமுற்றாள். தாக்கியவர்களுள் அவனோடு ஒரே பள்ளியில் பயின்றோர் இருந்தனர். தனக்கு இழைக்கப்பட்ட தொல்லையை அவன் பள்ளியில் தெரிவித்ததே இதற்குக் காரணமாயிற்று. இதன்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்ட ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் மாதம் அளிக்கப்பட்ட அவருடைய அறிக்கை, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகிய அடையாளங்களுடன் மாணவர் பள்ளிக்கு வருவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணரவேண்டும். சாதாரணச் சிறுகுழு பருவம் மாறும்போது கலைந்துவிடும். 'இளமைக்குரியது, தானே மாறிவிடும்' என்று கூறுவோர் கூற்றில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. சாதிக் குழு அவ்வாறு கலைவதில்லை. ஏனெனில் அதனைப் பிள்ளைகள் ஆக்கவில்லை. மணிக்கட்டில் கயிற்றைக் கட்டிக்கொள்வது சிறுவன். அதற்கு நிறம் கொடுத்தவர்கள் பெரியவர்கள். வீட்டு உணவு வேளையில் அடுத்த தெருவினரைப் பற்றிப் பேசப்படும் பேச்சு, ஊர்த் திருவிழாவில் கட்டப்படும் கொடி, திருமணப் பேச்சில் முதலில் கேட்கப்படும் கேள்வி ஆகிய இவையெல்லாம் அக்குழுவுக்கு நாள்தோறும் உரமிடுகின்றன. குமரப் பருவத்தின் இயல்பான பசிக்கு முன்னோரின் பழைய நஞ்சு உணவாக இடப்படுகிறது.

5. திருமறையின் சான்று

ஒத்த வயதினரின் அழுத்தம் திருமறைக்குப் புதிதன்று. சாலொமோனின் மகன் ரெகொபெயாம் முதியோரின் ஆலோசனையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த இளைஞரின் சொல்லைக் கேட்டான். அவர்கள் முன்னிலையில் மென்மையாகத் தோன்ற அவன் விரும்பவில்லை, கடுமொழி பேசினான், நாடு இரண்டாகப் பிளந்தது (1 இராஜா. 12:1-20). தீமை செய்யத் திரளானவர்களைப் பின்பற்றலாகாது என்னும் கட்டளை (யாத். 23:2), கூட்டத்தின் ஈர்ப்பை நீதிமன்றத்திலும் அஞ்சவேண்டியிருந்ததைக் காட்டுகிறது.

ஒதுக்கப்படுவோம் என்னும் அச்சத்தை யோவான் நற்செய்தி மிகுந்த நுட்பத்துடன் காட்டுகிறது. பிறவிக் குருடனாயிருந்து பார்வை பெற்றவனின் பெற்றோர், தொழுகைக் கூடத்திலிருந்து தள்ளப்படுவோம் என்று அஞ்சி, மகனைப் பற்றிய கேள்விக்கு நேரான விடை கூறாது நழுவினர் (யோவான் 9:22). மகனோ கண்டதைக் கண்டபடி கூறினான், வெளியே தள்ளப்பட்டான். தள்ளப்பட்ட செய்தியைக் கேட்ட ஆண்டவர் அவனைத் தேடிக் கண்டார் (9:35). வட்டத்திற்கு வெளியே நிற்பவனிடம் தாமே செல்பவராக இங்கு இயேசுவைக் காண்கிறோம்.

சீடர் குழுவும் இச்சோதனைக்குத் தப்பவில்லை. தங்களோடு சேராத ஒருவன் இயேசுவின் பெயரால் பேய்களை ஓட்டுவதைக் கண்டு, நம்மவன் அல்லன் என்பதற்காகவே அவனைத் தடுத்ததாக யோவான் பெருமையுடன் தெரிவித்தார். ஆண்டவர் அத்தடையை ஏற்கவில்லை (மாற்கு 9:38-40). பன்னிருவர் என்பது சிறு குழுதான். ஆனால் வரி தண்டிய மத்தேயுவும், செலோத்தே எனப்பட்ட சீமோனும் அதில் ஒன்றாக அமர்ந்தனர் (லூக்கா 6:15). தாமே ஒருவரையொருவர் தெரிந்துகொண்டிருந்தால் அவர்கள் ஒரு குழுவாகியிருக்க இயலாது. அழைத்தவர் ஒருவர் என்பதனாலேயே அக்குழு நிலைத்தது.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய பகுதி அந்தியோகியாவில் நிகழ்ந்தது (கலா. 2:11-14). பேதுரு புறவினத்தாருடன் ஒரே பந்தியில் உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியை விட்டு விலகினார். அவரைக் கண்டு மற்ற யூதரும், பர்னபாவுங்கூட விலகினர். அவருடைய கொள்கை மாறவில்லை. தம்மவர் என்ன நினைப்பார்களோ என்னும் அச்சமே அவரை எழுப்பிற்று. இதனைக் குறிக்கப் பவுல் ஆளும் கிரேக்கச் சொல் 'உடன் நடித்தல்' என்னும் பொருளுடையது. நாடக மேடையில் வேடமிட்டு நடிப்பவனைச் சுட்டும் சொல்லின் வழி வந்தது. குழுவழுத்தத்திற்கு இதனினும் பொருத்தமான விளக்கம் இல்லை. ஒருவர் நடிக்கத் தொடங்க, தனித்துவிடப்படுவோம் என்று அஞ்சி மற்றவரும் உடன் நடிக்கின்றனர்.

அந்தியோகியாவில் உண்மைக்கு வழி திறந்தது எது? பலர் நடித்த இடத்தில் ஒருவர் நடிக்க மறுத்தார். பவுல் இதனை நற்செய்தியின் உண்மைக்கு நேராக நடவாத செயல் என்று கண்டார். யாரோடு உண்பது என்பது நாகரிகம் பற்றிய சிறு வினாவாக அவருக்குத் தோன்றவில்லை. கிறிஸ்துவில் யூதனென்றும் கிரேக்கனென்றும் வேறுபாடு இல்லை என்று அதே மடலில் அவர் எழுதுவது (3:28) இந்தப் பந்தியை மனத்தில் கொண்டே படிக்கத்தக்கது. குழுக்கள் தகுதியைக் கேட்டு இடம் தருகின்றன. வெளியே ஒருவன் நிற்பதாலேயே உள்ளே இருப்பவன் பெருமை கொள்கிறான். திருமுழுக்கோ தகுதியைக் கேளாது கொடுக்கப்படும் இடம். அதனைப் பெற்றவன் தன் இடத்தைக் காத்துக்கொள்ள வேறொருவனை வெளியே தள்ளவேண்டிய தேவை இல்லை.

6. திருச்சபை தன்னை நோக்குதல்

இவற்றை இளையோர்க்குக் கூறுமுன் நாம் நம்மைக் காண்பது நேர்மை. கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833இல் தென்னாட்டுச் சபைகளுக்கு விடுத்த சுற்றுமடலில், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டும் என்று பணித்தார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதனை ஏற்க மறுத்துச் சபையை விட்டு விலகினர். ஆலயத்தில் யார் எங்கே அமர்வது, திருவிருந்தில் யார் முன்னே செல்வது என்பவையே அன்றைய வழக்குகள். 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது தமிழகத்தையே உலுக்கிய விவாதமாயிற்று. அன்று அதனைக் கண்டித்துப் பேசும் தகுதி நம் சபைகளுக்கு முழுமையாக இருந்ததா என்பது கேட்கத்தக்க கேள்வி.

இன்று ஆலயத்தில் இருக்கைகள் பிரிந்தில்லை. ஆயினும் சபைத் தேர்தல் நாளில் எந்த அணி எந்தச் சாதி என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளை அறிந்துகொள்கிறது. ஞாயிறு பள்ளியில் நாம் கற்பிக்கும் பாடத்தைவிட அந்த ஒரு நாள் கற்பிப்பது அதன் மனத்தில் ஆழமாகப் பதிகிறது. பெரியவர் உடன் நடிக்கும் இடத்தில் பிள்ளைகளைத் தனித்து நிற்கச் சொல்வது சுமக்கவியலாத சுமையை அவர்கள்மேல் வைப்பதாகும்.

7. செய்யத்தக்கவை

அ. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணை. தானியேல் அரண்மனை உணவை மறுத்தபோது உடன் மூவர் இருந்தனர் (தானி. 1). ஆண்டவரும் சீடர்களை இருவர் இருவராகவே அனுப்பினார் (மாற்கு 6:7). 'தனித்து நில்' என்று முழங்குவதைவிட, யாரும் தனித்து நிற்க நேராதபடி செய்வதே ஆயர் பணி. திடப்படுத்தல் வகுப்புக்கு வருவோர் இப்பருவத்தினரே. அவர்களை வெவ்வேறு தெருக்களிலிருந்தும் வெவ்வேறு பள்ளிகளிலிருந்தும் இருவர் இருவராக இணைத்து, ஓராண்டுக் காலம் ஒருவர்க்கொருவர் பொறுப்பாளராக்கலாம்.

ஆ. சேர்ந்து செய்தாலன்றி முடியாத பணி. ஒன்றாக உட்கார வைப்பதும் ஒற்றுமைப் பாடல் பாடுவிப்பதும் மட்டும் போதா என்பதை முன்னர்க் கண்டோம். குளம் தூர் வாருதல், முதியோர் இல்லத்தில் பணி, கிராமத்தில் மாலை நேர வகுப்பு, விடுதித் தோட்டம் ஆகியவை குழுக்களை அடித்துப் பேசாமலே கரைக்க வல்லவை. குழுக்களுக்குள் பரிசுப் போட்டி வைப்பதையே வாலிபர் முகாமின் உயிராகக் கொள்ளும் வழக்கத்தை நாம் மறு ஆய்வு செய்வது நலம்.

இ. முறையிடும் பிள்ளையைக் கேட்டல். 'கண்டுகொள்ளாதே' என்பது விடையாகாது. உணவு வேளையில் ஒதுங்குதல், அடிக்கடி வயிற்றுவலி என்று விடுப்பெடுத்தல், பொருள்கள் தொலைந்ததாகக் கூறுதல், திடீரெனப் பள்ளியை மாற்றக் கேட்டல் ஆகியவை ஆசிரியரும் விடுதிக் காப்பாளரும் கவனிக்கவேண்டிய குறிகள். முறையிட்டவன் பெயர் வெளிவராமல் காப்பது தலையாய கடமை. தொல்லையைச் சொன்னதற்காக ஒரு மாணவன் எத்தகைய விலை கொடுக்க நேரும் என்பதை நாங்குநேரி காட்டிவிட்டது. ஆபத்துக் காலத்தில் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் அனைவரும் அறிந்திருக்கச் செய்யவேண்டும்.

ஈ. ஒதுக்குகிறவனுக்கும் ஆயர் தேவை. குழுத் தலைவனைத் தண்டித்து அனுப்பிவிட்டால் வேறொருவன் அவ்விடத்திற்கு வருவான். கேலி செய்யாவிடில் தானே கேலிக்கு ஆளாவோம் என்னும் அச்சத்தில் உடன் நடிக்கும் பலர் அக்குழுவில் உள்ளனர். அவர்களில் ஒருவனைத் தனியே சந்தித்து அவன் மனச்சான்றோடு பேசுவது, பொதுமன்றத்தில் நூறு முறை கண்டிப்பதினும் பயன் தரும். இழைத்த தீங்குக்குப் பொறுப்பேற்கச் செய்வதும் இதில் அடங்கும். அன்பு என்னும் பெயரால் குற்றத்தை மூடுவது பாதிக்கப்பட்டவனை மீண்டும் ஒதுக்குவதாகும்.

உ. வீட்டின் பேச்சு. பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் பேசாது, பிள்ளைகளின் நண்பர் யார், வேறு சாதி நண்பன் வீட்டிற்குள் வந்து உண்டது எப்போது என்பதையும் பேசவேண்டும். மறு தெருப் பிள்ளை நம் வீட்டில் ஒரு வேளை உண்ணுமானால், பள்ளியில் கட்டப்படும் கயிறு பாதி அவிழ்ந்துவிட்டது எனலாம்.

8. முடிவுரை

பவுல் உரோமருக்கு எழுதிய மடலில் இவ்வுலகப் போக்கிற்கு இணங்கிப்போவதையும், மனம் புதிதாவதால் உருமாறுவதையும் எதிரெதிரே வைக்கிறார் (உரோ. 12:2). முன்னையதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வேர் புறத்தோற்றத்தைச் சுட்டுவது. குழு மாற்றுவது அந்தத் தோற்றத்தையே. கடவுள் நாடுவது உள்ளத்தின் மாற்றத்தை. அதே அதிகாரத்தின் தொடர்ச்சியில் பவுல் தனி மனிதரின் வீரத்தைப் புகழாமல், பல உறுப்புகள் கொண்ட ஒரே உடலைப் பற்றிப் பேசுகிறார் என்பது கருதத்தக்கது. தீய குழுவுக்கு மாற்று தனிமை அன்று, நல்ல ஐக்கியமே.

அந்த ஐக்கியம் பெரிய திட்டங்களில் தொடங்கவேண்டியதில்லை. சவுல் தாவீதுக்கு எதிராயிருந்தபோது, தந்தையின் சினத்தையும் தன் அரசுரிமையையும் பொருட்படுத்தாது யோனத்தான் ஒருவன் அவன் பக்கம் நின்றான் (1 சாமு. 20). ஒவ்வொரு வகுப்பறையிலும் அத்தகைய ஒருவனையோ ஒருத்தியையோ உருவாக்கும் ஞாயிறு பள்ளி, தன் பணியைச் செய்துவிட்டது என்று நாம் துணிந்து கூறலாம்.